ஆடாத மேஜைக்கு ஒரு முட்டு

மாடிப்படியில் ரன்வா அட்டைப்பெட்டியோடு இறங்கி வருவதைப் பார்த்ததும் டோர்கில் முங்க்குக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. துப்பறிகிறவன் ஓடக்கூடாது, அதுவும் சொந்த வீட்டுப் படியில், கக்கத்தில் கம்பு ரொட்டியை இடுக்கிக்கொண்டு. சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.

போன வாரம் அந்தக் குடியிருப்பின் பொது அறையில் தீப்பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேஜையின் மேல்பலகை கருகியது, ஜன்னல் திரை போனது, எல்லாருக்கும் பொதுவாக வைத்திருந்த லேப்டாப் போயே போனது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில் டிசம்பரில் எந்த வீட்டில் புகை வந்தாலும் ஜனங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: மெழுகுவத்தியை அணைக்காமல் போனது யார்? இங்கேயும் கேட்டார்கள். மூன்றாம் மாடி ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் நர்ஸிங் மாணவி ரன்வா, ஃபாரோ தீவுக்காரப் பெண், "நான்தான்" என்று சொல்லிவிட்டாள்.

குடியிருப்பின் தலைவர் எப்பெ, அதே கட்டடத்தில் காலம் காலமாகக் குடியிருக்கும் டோர்கிலை ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். டோர்கில் பார்த்தார். வாசலில் நின்று, மூக்கைப் பொத்திக்கொண்டு, வாயில் போட்ட உப்பு அதிமதுர மிட்டாய் கரைவதற்குள் "மெழுகுவத்திதான்" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்று சாயங்காலம் உறுப்பினர் கூட்டம். ரன்வா அறையைக் காலி செய்ய வேண்டுமா என்று கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்கள். அவளோ முடிவுக்குக் காத்திராமல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"டோர்கில், ஒரு நிமிஷம்," என்று பெட்டியைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"எனக்கென்னம்மா சிரமம்?"

"வேலையை விட்டுட்டு வந்து பாத்தீங்களே. அதுக்குத்தான்."

அந்த வார்த்தை டோர்கிலை மீன் முள்ளாகக் குத்தியது. அவர் எந்த வேலையையும் விட்டுவிட்டு வரவில்லை. பார்க்கவும் இல்லை. ஒரு பெண் தன் தலையில் தானே பழியைப் போட்டுக்கொண்டாள், இவர் அதன்மேல் ஒரு முத்திரை குத்தினார், அவ்வளவுதான். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லேன்."

"என்ன இருக்கு சொல்ல? நைட் டியூட்டி முடிச்சு வந்தேன். பொது அறையில உக்காந்து காபி குடிச்சேன். தேதி மெழுகுவத்திய ஏத்தி வெச்சு, அன்னிக்கு நம்பர் கரையிற வரைக்கும் படிச்சுட்டிருந்தேன். அப்புறம் மேல போய் விழுந்தவதான், கூச்சல் கேட்டுத்தான் முழிச்சேன். ஊதி அணைச்ச ஞாபகமே இல்ல. அப்ப அணைக்கலைன்னுதானே அர்த்தம்?"

"தேதி மெழுகுவத்தியா? கோடு போட்டதா?"

"ஆமா. அதுக்கென்ன?"

டிசம்பர் பிறந்தால் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படி ஒன்று நிற்கும். மேலிருந்து கீழே ஒன்று முதல் இருபத்துநாலு வரை எண் போட்டிருக்கும். தினம் ஒரு எண் கரைய வேண்டும், கரைந்ததும் ஊதிவிட வேண்டும். ரன்வாவின் மெழுகுவத்தி எந்த எண்ணில் நிற்கிறது என்று கட்டடத்தில் ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவர் ரொட்டியை அணைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தார்.

"பெட்டிய மறுபடி மேல கொண்டுபோம்மா," என்றார். "கூட்டம் முடியிற வரைக்கும் இரு."

*

பொலெட்டா, டோர்கிலின் வீட்டுப் பின்னறையில் உள்வாடகைக்கு இருப்பவள். முன்பு டவுன் பஸ் ஓட்டியவள். இப்போது அவருடைய உதவியாளர் என்று சொல்லிக்கொண்டு அவருடைய காபியைக் குடிக்கிறாள். பொது அறைக்குள் நுழைந்ததும் மேலே பார்த்தாள். கூரை முழுக்கக் கரி.

"இங்க ஹெர்ரிங் மீனைத் தொங்க விட்டா புகை புடிச்சு நல்லாப் பதமா வரும்," என்றாள். "என்ன தேடுறோம்?"

"மெழுகுவத்தி."

"மெழுகுவத்திதான்னு போன வாரமே கண்டுபிடிச்சிட்டீங்களே. கண்டுபிடிச்சதுக்கப்புறம் தேடுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

அவள் சொன்னதில் தப்பு இல்லை.

பாதி எரிந்த திரை ஜன்னல் திண்டில் சரிந்து கிடந்தது. பொலெட்டா அதை இரண்டு விரலால் தூக்கினாள். பூந்தொட்டிக்குப் பின்னால், கரி பூசிக்கொண்டு, குட்டிப் பித்தளைத் தட்டில் நேராக நின்றது மெழுகுவத்தி. டோர்கில் கைக்குட்டையால் துடைத்தார்.

"என்ன நம்பர்?"

"பத்து. முழுசா இருக்கு."

"தீப்பிடிச்சது ஒன்பதாந்தேதி சாயங்காலம்." பொலெட்டா விசிலடித்தாள். "காலையிலேருந்து எரிஞ்சிருந்தா இந்நேரம் இதுல கிறிஸ்துமஸே வந்திருக்கும். பொண்ணு ஒன்பது கரைஞ்ச உடனே ஊதி, ஜன்னல்ல கொண்டுபோயும் வெச்சிருக்கா. தூக்கக் கலக்கத்துல எல்லாத்தையும் ஒழுங்காச் செஞ்சிட்டு, செஞ்சத மறந்துட்டா. எனக்கு நேர்மாறு. நான் ஒண்ணும் செய்யாமலே செஞ்சதா ஞாபகம் வெச்சுப்பேன்."

டோர்கிலுக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம், இதைக் கண்டுபிடிக்க ஒரு கைக்குட்டை போதுமாயிருந்தது என்பது உறுத்தியது. ஒரு வாரமாக அந்தப் பெண் படியில் யாரைப் பார்த்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

"சரி, அப்ப தீ எங்கேருந்து வந்துச்சு?" பொலெட்டா கருகிய மேஜையில் கையை ஊன்றினாள். மேஜை லொடக்கென்று சாய்ந்தது. "ஆடுது."

குனிந்து பார்த்தாள். நாலு காலில் ஒரு காலுக்கு அடியில் நாலாக மடித்த அட்டை. அதை உருவினாள். மேஜையை அசைத்தாள். அசையவில்லை. அட்டையைத் திரும்ப வைத்தாள். ஆடியது. திரும்ப எடுத்தாள்.

"இங்க பாருங்க டோர்கில். அட்டை இருந்தா ஆடுது, எடுத்தா சர்ச் தூண் மாதிரி நிக்குது. ஆடாத மேஜைக்கு எந்த மேதாவி முட்டுக் குடுத்தான்?"

அட்டையை அவரிடம் நீட்டினாள். டோர்கில் வாங்கிப் பிரித்தார். நீலமும் கறுப்புமாகக் கட்டம் போட்ட அட்டை. ஓரத்தில் லேசாக அதிமதுர வாசனை. அவருக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். அதன் தம்பி ஒன்று அந்த நிமிஷமே அவருடைய கோட்டுப் பையில் இருந்தது.

நவம்பரில் ஒரு நாள் துணி துவைக்கும் மெஷினுக்கு முறை போட அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எழுத்தைத் தட்டத் தட்ட எல்லாம் கடகடவென்று ஆடியது. மேஜைதான் ஆடுகிறது என்று எண்ணி, மிட்டாய்ப் பெட்டியைக் கிழித்து மடித்துக் காலுக்கு அடியில் செருகினார். மேஜை ஒரு பக்கம் சாய, லேப்டாப்பும் அந்தப் பக்கமே ஒருக்களித்து அடங்கியது. பிரமாதம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு போனார்.

"யாராவது வெச்சிருப்பாங்க," என்று அட்டையைக் கோட்டுப் பையில் போட்டார்.

பொலெட்டா அவர் கையையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மேஜை ஆடலைன்னா, அது மேல இருந்த ஏதோ ஒண்ணு ஆடியிருக்கு," என்றாள் அவள். "மேல என்ன இருந்துச்சு?"

மூலையில் வாளியில் லேப்டாப்பின் மிச்சம் கிடந்தது. டோர்கில் அதன் அடிப்பக்கத் தகட்டை எடுத்துத் தரையில் வைத்தார். தட்டையாக இருக்க வேண்டியது, தொப்பை விழுந்த ஆள் குப்புறப் படுத்தாற்போல இரண்டு பக்கமும் சாய்ந்து ஆடியது.

"பேட்டரி ஊதியிருக்கு," என்றார் மெதுவாக. "இன்னிக்கு நேத்து இல்ல. வாரக்கணக்கா."

*

தலைவர் எப்பெயின் சமையலறையில் கூட்டத்துக்காக ஏப்பிள்ஸ்கீவர் வெந்துகொண்டிருந்தது. குழிச்சட்டியில் உருண்டை உருண்டையாகப் புரளும் அதைப் பணியாரம் என்றே சொல்லிவிடலாம். சர்க்கரைத் தூளும் ஜாமும் தொட்டுத் தின்பார்கள். எப்பெ ஓய்வு பெற்ற தபால்காரர், பின்னல் வேலையில் கெட்டிக்காரர்.

"அந்த லேப்டாப் கடைசியா எப்படி இருந்துச்சு, எப்பெ?"

"நல்லாத்தான்யா இருந்துச்சு. மூடி மட்டும் சரியா மூடல. வாயப் பொளந்துட்டே இருந்துச்சு. நான் ஒரு ரிப்பனைப் போட்டுக் கட்டிட்டேன்."

"ரிப்பன்," என்றாள் பொலெட்டா. "பரிசுப் பொட்டலம் மாதிரி."

"அழகாத்தான் இருந்துச்சு. கம்பளி உறையும் பின்னிப் போட்டேன்ல, சிவப்புல. அந்த அறையில குளிருமே."

"சார்ஜர்?"

"எப்பவும் சொருகியே இருக்கும். யாரும் புடுங்கிடக் கூடாதுன்னு ப்ளக் மேல டேப் ஒட்டியிருந்தேன். நூத்துக்கு நூறு, ஒரு நாளும் குறைஞ்சதில்ல." எப்பெயின் குரலில் பெருமை இருந்தது.

"எண்பதுல நிறுத்திக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு அதுல இருக்குமே," என்றார் டோர்கில். "மின்சாரத்துலயே கிடக்குற லேப்டாப்புக்கு அதத்தான் போடணும்."

"இருந்துச்சு. ரன்வாதான் போட்டிருந்தா. நான்தான் எடுத்தேன்."

டோர்கில் நிமிர்ந்தார். ஆள் கிடைத்துவிட்டான் என்று அவர் மனம் ஒரு குதி குதித்தது. கோட்டுப் பையிலிருந்த அட்டைகூடக் கொஞ்சம் லேசானது. அப்படித் தோன்றியதற்காகவே அடுத்த கணம் தன்மேல் எரிச்சல் வந்தது.

"ஏன்யா எடுத்த?"

எப்பெ பணியாரக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னய்யா கேள்வி இது? உனக்கா தெரியாது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

சட்டியில் கருகல் வாசனை வந்தது. எப்பெ அடுப்புப் பக்கம் திரும்பினார். "ஒரு தீ போதாதா? போங்க ரெண்டு பேரும். கூட்டத்துல பேசிக்கலாம்."

படியிறங்கும்போது பொலெட்டா சொன்னாள்: "அவரு கண்ணுல பயமே இல்ல, கவனிச்சீங்களா? உங்களப் பாத்துப் பரிதாபப்பட்ட மாதிரி இருந்துச்சு."

"கவனிச்சேன்."

"இன்னொண்ணும் கவனிச்சேன். உங்க கோட்டுல அதிமதுர வாசனை ரெட்டிப்பா அடிக்குது."

டோர்கில் படியிலேயே நின்றார். "எப்பத் தெரியும்?"

"பெட்டியப் பாத்த உடனே. இந்தக் கட்டடத்துல அந்தக் கண்றாவிய நீங்க ஒருத்தர்தான் திங்குறீங்க." அவள் குரலில் இந்தத் தடவை கிண்டல் இல்லை. "நான் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க சொல்லலைன்னா, நாளையிலேருந்து உங்க காபி எனக்கு இறங்காது."

*

பொது அறை எரிந்துபோனதால் கூட்டம் சைக்கிள் வைக்கும் நிலவறையில். ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, கையில் பீர், நடுவில் பணியாரத் தட்டு. ரன்வா கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

டோர்கில் எழுந்து மெழுகுவத்தியைப் பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது ரன்வாவோட மெழுகுவத்தி. பத்தாம் நம்பர் முழுசா இருக்கு. ஒன்பது கரைஞ்சதும் அவ அணைச்சிட்டா. தீக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. போன வாரம் நான் சொன்னது தப்பு. பாக்காமலே சொன்னேன்."

ரன்வா மெழுகுவத்தியையே பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தீ வந்தது லேப்டாப்லேருந்து. எந்நேரமும் கரண்டுலயே கிடக்குற லேப்டாப்போட பேட்டரிக்கு எந்நேரமும் தொண்டை வரைக்கும் ஊட்டக் கூடாது. எண்பதோட நிறுத்தணும். மேல எதையும் போர்த்தக் கூடாது, சூடு வெளிய போகணும். நாம நூறுலயே வெச்சோம், கம்பளியும் போத்தினோம். அது ஊதிக்கிட்டே வந்து ஒரு நாள் பத்திக்கிச்சு." எப்பெ பக்கம் திரும்பினார். "எண்பத எடுத்துட்டு நூறாக்கினது எப்பெ. ஏன்னு அவரே சொல்லட்டும்."

எப்பெ அவசரப்படவில்லை. விரலிலிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கூட்டம் சொல்லுச்சு, எடுத்தேன். அக்டோபர் கூட்டத்துல கடைசி விஷயம் அதுதான். ரன்வா எந்திரிச்சு, எண்பதுல வைக்கலாம், இல்லைன்னா பேட்டரி கெட்டுடும்னு சொன்னா. யாரோ ஒருத்தர், முழு ரொட்டிக்குக் காசு குடுத்துட்டு முக்கால் ரொட்டியா திங்கிறதுன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். நான் கை தூக்கச் சொன்னேன். நூறு ஜெயிச்சுது. தீர்மானம் தீர்மானம்தானே. நான் தனியா மாத்த முடியுமா?"

ஊருக்கு ஊர் பேட்டரி கெடும். ஆனால் ஒரு பேட்டரிக்கு எவ்வளவு ஊட்டுவது என்று ஓட்டெடுத்துக் கெடுத்தது இவர்களாகத்தான் இருக்கும்.

"கை தூக்கினவங்க இப்பவும் தூக்குங்களேன், பாப்போம்," என்றாள் பொலெட்டா. உள்வாடகைக்காரி என்பதால் அவளுக்கு ஓட்டே கிடையாது. அந்தத் தைரியம்.

யாரும் அசையவில்லை. பிறகு எப்பெயின் கை எழுந்தது. முதல் மாடி விபெகெயின் கை. அப்புறம் இங்கொன்று அங்கொன்று. டோர்கிலுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்டோபரில் அவர் ரன்வா பேசியதைக் கேட்கவே இல்லை. பீர் வெதுவெதுப்பாகிக்கொண்டிருந்தது. வலது கையில் பாட்டில் திறப்பான் இருந்ததால் இடது கையைத் தூக்கினார். எதற்கென்று தெரியாமலே தூக்கினார்.

அதே இடது கையை இப்போதும் தூக்கினார். ஒரு நாள் முழுக்கத் தேடிய ஆள் அந்தக் கையின் கீழே நின்றுகொண்டிருந்தான்.

"இன்னொண்ணு சொல்லணும்," என்றாள் விபெகெ, நாற்காலி நுனிக்கு வந்து. "லேப்டாப்புல விரல் வெச்சு அமுக்குற எடம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. அமுங்கவே இல்ல. யாரையும் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு வீட்டுலேருந்து ஒரு மவுஸ் கொண்டுவந்து வெச்சேன்."

"மூடி மூடலைன்னு நான் ரிப்பன் கட்டினேன்," என்றார் எப்பெ. இப்போதுதான் அவருக்குப் புரிந்தது போல முகத்தில் ஈயாடவில்லை.

டோர்கில் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். நீலமும் கறுப்புமான அட்டையை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தட்டும்போது ஆடுச்சு. நான் மேஜைக்கு முட்டுக் குடுத்தேன். அந்த லேப்டாப், என்னால முடியலைன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிப் பாத்திருக்கு. நாம ஒவ்வொருத்தரும் ஒழுங்கா ரிப்பேர் பண்ணிட்டு, பக்கத்து ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டோம். துப்பறியிறதுதான் என் பிழைப்பு. அந்த அட்டைய மடிக்கிற நேரத்துல லேப்டாப்பை ஒரு தடவை தூக்கிப் பாத்திருந்தா போதும்."

யாரும் பீரைத் தொடவில்லை. எப்பெ தொண்டையைச் செருமினார்.

"ரன்வா அறை விஷயம் வாபஸ். யாராவது எதிர்க்கிறீங்களா?"

ஒருவரும் எதிர்க்கவில்லை. "உக்காரும்மா," என்று எப்பெ பணியாரத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். எல்லாரும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்கள். அது நன்றாக இல்லை.

ரன்வா உட்காரவில்லை. "நான் அக்டோபர்லயே சொன்னேன்," என்றாள். "சொன்னத நானே மறந்துட்டேன். நீங்க எல்லாரும் கேட்டதும், நான்தான் இருக்கும்னு நினைச்சேன். ஒரு வாரமா தூங்கல."

"தப்புதான்மா," என்றார் டோர்கில். "நான் என்ன செய்யணும்னு சொல்லு."

அவள் கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தட்டினாள். அவரிடம் நீட்டினாள்.

"அம்மாகிட்ட, தீ வெச்சது நான்தான்னு சொல்லிட்டேன். எங்க ஊர் கிளாக்ஸ்விக்ல என் சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும். தீ வெச்சது நான் இல்லைன்னு இப்ப நானே சொன்னா, சமாளிக்கிறேன்னு நினைப்பாங்க. நீங்களே சொல்லுங்க."

டோர்கில் வாங்கிக்கொண்டார். பொலெட்டா தரையைப் பார்த்தாள். மறுமுனையில் மணி அடித்தது. நிலவறை முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. துப்பறியும் டோர்கில் முங்க் பேசுகிறேன் என்றுதான் அவர் எப்போதும் போனில் தொடங்குவார். வாய்வரை வந்த அந்த வார்த்தையை விழுங்கினார்.

ஒரு பெண்குரல் எடுத்தது. "ரன்வா, நீயா?"

"இல்லைங்க," என்றார். "ஆடாத மேஜைக்கு அட்டை வெச்ச ஆள் பேசுறேன்."